வைக்கோற் கூரையின் கீழ் தோமஸ் ஹார்டி



ஆங்கிலக் கிராமம் என்றதும் பிஸ்கற் பெட்டி மூடியில் அச்சிட்ட சித்திரம் ஒன்று பலர் மனத்தில் எழும். தாழ்ந்த வைக்கோற் கூரை, வாசலில் ரோசாக் கொடி, சின்னஞ்சிறு சாளரம். அச்சித்திரத்தை நான் முழுதும் நம்புவதில்லை. நம்பாதிருக்கக் கற்பித்தவர் நாவலாசிரியர் தோமஸ் ஹார்டி.

1840ஆம் ஆண்டில் டோர்செற் பகுதியிலுள்ள ஹையர் பொக்ஹாம்ப்ரன் என்ற சிற்றூரில் அவர் பிறந்த வீடு, அவருடைய பூட்டனார் 1800ஆம் ஆண்டளவிற் கட்டியது. தந்தையார் கல்வேலை செய்யும் கட்டடக்காரர். ஹார்டியும் எழுத்தாளராகுமுன் கட்டடக்கலை பயின்று அத்தொழிலைச் செய்தவர். ஆதலால் அவர் காட்டும் கூரைகள் வெறும் வருணனை அல்ல. இவ்வீட்டிலிருந்தே எழுதி 1874இல் வெளியிட்ட ‘ஃபார் ஃப்ரொம் த மேடிங் க்ரௌட்’ நாவலில், இடிமின்னலுக்கிடையே கேப்ரியல் ஓக் தானியப் போர்களை மூடி வேய்கிறான். போர் நனைந்தால் பண்ணையின் ஆண்டு உழைப்பே பாழ்.

அவ்வீட்டின் சுவர் பெரிதும் மண்ணாலானது. களிமண்ணையும் வைக்கோலையும் நீர்விட்டு மிதித்துக் குழைத்து, ஒரு படை காய்ந்தபின் மறுபடையை ஏற்றுவார்கள். இத்தகைய சுவருக்கு நீரே பகை. அதனால் அடியிற் கல்லத்திவாரம், மேலே வெளியே நீண்டு இறங்கும் தாழ்வாரம். கூரையைச் செங்குத்தாகச் சரிப்பதும் மழைநீர் தங்காமல் ஓடுவதற்கே. சித்திரத்தில் நாம் வியக்கும் வடிவமெல்லாம் மழைக்கு அஞ்சிப் பிறந்தது.

வைக்கோலும் அழகுக்காக வந்ததன்று. அறுவடைக்குப்பின் கையில் மிஞ்சியது அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகைவண்டி வேல்ஸ் நாட்டுக் கற்பலகையை மலிவாகக் கொண்டுவந்ததும், இயன்றவர்கள் கூரையை மாற்றினார்கள். இயலாத கூலியாட்களின் வீடுகளில் வைக்கோலே நீடித்தது. ஹார்டி 1885இல் தமக்கெனத் திட்டமிட்டுக் குடிபுகுந்த ‘மக்ஸ் கேற்’ செங்கல் வீடு. அதில் வைக்கோல் இல்லை. இதை முரண்பாடென்பாரும் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தவருக்கு அதன் அழகும் தெரியும், அதன் ஈரமும் தெரியும்.

ஆனால் அக்கூரைகள் தம்முள் ஒரு சுவடிச்சாலையையே வைத்திருக்கின்றன. வேய்வோர் பழையதை முற்றும் களையாமல், பழுதானதை நீக்கிப் புதியதை மேலே போர்த்துவது வழக்கம். டெவன் பகுதியிற் சில வீடுகளின் அடிப்படை, புகைபோக்கி இல்லாத நடுக்கால அடுப்பின் புகையேறிக் கருமையாகவே இருக்கிறது. அந்தக் கரிபடிந்த தாள்களில், இப்போது வயல்களிற் காணமுடியாத கோதுமை, கம்புப்புல் வகைகளை ஆய்வாளர் கண்டெடுத்துள்ளனர். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய அறுவடை கதிரோடு கிடைக்கிறது என்றால் பாருங்கள்!

இப்போதுள்ள இடர் வேறு. அறுவடை இயந்திரம் தாளை நொறுக்கிவிடும். புதிய கோதுமை இனங்களோ குட்டையானவை. எனவே கூரைக்கு நாணல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. நாணல் உறுதியானதுதான். எனினும் பழைய வைக்கோற் கூரையைக் களைந்து நாணல் வேயும்போது, அந்தக் கரிய அடுக்கும் அதனோடு குப்பைக்குப் போய்விடலாம். பாதுகாப்பாளர் வைக்கோலுக்கு வைக்கோலே வேண்டும் என வாதிடுவது இதனாலேயே. அவர்கள் பக்கமே நானும். 1964இல் வெளிவந்த ‘மாரிஸ் விஜன்’ என்னும் நெடுந்தாட் கோதுமையைச் சில உழவர்கள் இன்றும் விதைத்து, பழைய கதிர்கட்டும் இயந்திரத்தால் அறுக்கிறார்கள், தாளையே குறியாகக் கொண்டு.