கண்ணினுள் புகும் கிருமி

கொழும்புத்துறைக் கரையில் வலையினின்றும் மீனைக் கழற்றுவோரின் கண்ணில் மீன்முள் பாய்தல் கூடும். வேலியடைப்போரின் கண்ணைப் பனைமட்டைக் கருக்குக் கிழித்தலும் கூடும். புண் சிறிதென்று கருதித் தாய்ப்பாலோ நந்தியாவட்டைப் பூச்சாறோ விட்டுப் பொழுது போக்குவோர் இன்றும் உளர். பார்வை பறிபோவது அந்தப் பொழுதிலேதான்.

கண்ணின் புறத்தே சிவந்து பீளை தள்ளும் கண்ணோய் பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். விழியினுள்ளே கிருமி புகுந்து விளைக்கும் நோய் அத்தகையதன்று. மருத்துவர் இதனை 'எண்டொப்தல்மைற்றிஸ்' என்பர். காயத்தின் வழியாகவும், அரிதாகக் கண்புரைச் சத்திரசிகிச்சையின் பின்னரும், நீரிழிவு முதலியவற்றால் நலிந்தோர்க்கு இரத்தத்தின் வழியாகவும் இது வரும். விழியினுள் நிறைந்துள்ள பளிங்கு போன்ற கூழில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் அங்கே குறைவு. விழுங்கும் மருந்தும் போதிய அளவு சென்றடைவதில்லை.

எனவே மருத்துவர், கண்ணை மரக்கச் செய்து, நுண்ணிய ஊசியால் உள்ளிருந்து சிறிது நீரெடுத்துச் சோதனைக்கு அனுப்புவர். முடிவு வருமுன்னரே வன்கோமைசின், செஃப்டசிடிம் ஆகிய மருந்துகளை விழியினுள் செலுத்துவர். ஒவ்வொன்றின் அளவும் ஒரு மில்லிலீற்றரில் பத்திலொரு பங்கே. நோய் முற்றியவிடத்துக் கூழையே அகற்றுதல் வேண்டும். கண்புரைச் சத்திரசிகிச்சையின் பின் இந்நோயுற்ற 420 பேரை ஆராய்ந்து, 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. ஒளியை மட்டுமே உணர்ந்தோர்க்குக் கூழகற்றல் பெரிதும் பயன் தந்தது; கையசைவையேனும் கண்டோர்க்கு ஊசிமருந்தே போதுமாயிற்று.

நோயைத் தடுத்தலும் இயலும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தார், சத்திரசிகிச்சையின் முடிவில் மொக்சிஃப்ளொக்சசின் மருந்தைக் கண்ணினுள் இட்டனர். 6 இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2017இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 10,000 பேரில் 7 ஆக இருந்த நோய் 2 ஆகக் குறைந்தது. எனினும் விழிப்பு என்றும் வேண்டும். 2023 ஏப்பிரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோர் சிலர் பார்வை இழந்தனர். பின்னர் இட்ட சொட்டுமருந்து ஐயத்துக்குள்ளாகிப் பாவனையினின்றும் நீக்கப்பட்டது.

சத்திரசிகிச்சையின் பின் நோவு நாளுக்கு நாள் குறைதல் வேண்டும். அது கூடினாலோ, பார்வை மங்கினாலோ, இமை வீங்கினாலோ மறுநாட் பரிசோதனைக்குக் காத்திருத்தல் ஆகாது. காயப்பட்ட கண்ணைக் கசக்கவும் அழுத்தவும் கூடாது; எதனையும் ஊற்றவும் கூடாது. கொழும்புத்துறையினின்றும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை சில கல் தொலைவிலேயே உள்ளது. இரவாயினும் அன்றே செல்வோர்க்குக் கண்ணைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி.