படுக்கையருகே எந்த வேதாகமம்?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் பேசியது)



1995-ல் திருவிவிலியம் வெளிவந்தபோது நம்மில் அநேகர் தயங்கினோம். கிருபை அருளாயிற்று, சுவிசேஷம் நற்செய்தியாயிற்று. மனப்பாடமான 23-ம் சங்கீதத்தில் மேய்ப்பர் இருந்த இடத்தில் ஆயர் நிற்கிறார். கண் ஒன்றை வாசிக்க, நாவு வேறொன்றைச் சொல்லும்.

நாம் பழையது என்கிற வேதாகமமும் 1871-ல் புதியதுதான். போவர் ஐயர் தலைமையில் அது வந்தபோது லுத்தரன் சபையார் பெப்ரீஷியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பை இலேசில் விடவில்லையே!

வார்டில் நிலைமை வேறு. முதன்முதல் கேட்கிறவருக்கு 'ஞானஸ்நானம்' விளங்காது, 'திருமுழுக்கு' ஓரளவு விளங்கும். நர்சிங் மாணவிகளும் புதியதையே எடுக்கிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின இரவு வயதான அம்மா ஒருவருக்குப் புதியதை வாசித்தால் அமைதியாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். பழையதில் இரண்டு வார்த்தை தொடங்கினால் போதும், மீதியை அவர்களே சொல்லி முடிப்பார்கள். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தவர்கள்கூட! அதனால் எது சிறந்த மொழிபெயர்ப்பு என்று அங்கே நான் பார்ப்பதில்லை. சிறுவயதில் எதைக் கேட்டீர்கள் என்றே விசாரிக்கிறேன்.

வார்டுகளுக்கு வேதாகமம் அனுப்புகிறவர்கள் இரண்டையும் அனுப்புங்கள். பழையது பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கண் மங்கினவர்களே.