விண்கப்பலில் ஒரு கறுப்புப் பெண்

(சங்க வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் ஆரம்பிக்கும் முன் நூற்பு இலாகாத் தோழர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "பஞ்சப்படியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் அமெரிக்காக்காரன் டெலிவிஷன் கதை எதற்கு, தோழரே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே கதையை முதலில் சொல்கிறேன்.

1966 செப்டம்பர் 8-ந் தேதி, அமெரிக்காவில் என்.பி.சி. என்ற நிறுவனம் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மனிதர்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் விட்டுப் போகிறார்கள் என்பது கதை. கப்பல் தலைவன் வெள்ளைக்காரன். அவனுக்குப் பின்னால், காதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு, செய்தித் தொடர்பு அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் உஹுரா. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'உஹுரு' என்றால் விடுதலை. 1963-ல் கென்யா நாடு வெள்ளையர் ஆட்சியை ஒழித்தபோது மக்கள் முழங்கிய சொல் அது. அந்த வேஷம் போட்டவர் நிஷெல் நிக்கோல்ஸ் என்ற பாடகி. 1932-ல் இல்லினாய் மாகாணத்தில் பிறந்தவர்.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாட்டுத் திரையில் அதற்கு முன் கறுப்பினப் பெண்ணுக்கு என்ன இடம் இருந்தது என்று பாருங்கள். 1940-ல் ஹாட்டி மக்டானியல் என்ற நடிகை ஆஸ்கார் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. எந்த வேஷத்துக்கு? எஜமானி வீட்டு வேலைக்காரி வேஷத்துக்கு! பரிசு வாங்கப் போன இடத்திலும் மற்ற நடிகர்களோடு உட்கார விடவில்லை. ஓரத்தில் தனி மேஜை போட்டார்கள். 1950-ல் 'ப்யூலா' என்று ஒரு டெலிவிஷன் தொடர் வந்தது. கதாநாயகி கறுப்பினப் பெண். ஆனால் அவளும் வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்காரிதான்.

இப்படிப்பட்ட திரையில் உஹுரா வந்தாள். நியூயார்க்கில் ஏழைகள் குடியிருப்பில் வளர்ந்த ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு, டெலிவிஷனில் ஒரு கறுப்புப் பெண் வந்திருக்கிறாள், அவள் வேலைக்காரி இல்லை என்று வீடு அதிரக் கத்தினாளாம். பின்னாளில் பெரிய நடிகையான வூப்பி கோல்ட்பர்க்தான் அந்தச் சிறுமி. அவரே சொல்லியிருக்கிறார்.

டெலிவிஷன் முதலாளிகளுக்கு ஞானோதயம் வந்துவிட்டதா? தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கு நல்ல எண்ணம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணத்துக்கு வழி திறந்தது தெரு. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் கறுப்பின மக்கள் தடியடி பட்டு, நாய்க்கடி பட்டு, சிறை சென்று போராடித்தான் 1964-ல் சிவில் உரிமைச் சட்டமும் 1965-ல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. படப்பிடிப்பு நடந்ததும் அதே லாஸ் ஏஞ்சல்ஸில்தான். போதாததற்கு, என்.பி.சி.யின் சொந்தக்காரனான ஆர்.சி.ஏ. கலர் டெலிவிஷன் பெட்டி விற்கும் கம்பெனி. கறுப்பர் கையிலும் காசு உண்டல்லவா?

சரி, உட்கார வைத்தார்கள். பிறகு என்ன கொடுத்தார்கள்? வாரத்துக்கு வாரம் அவளுக்கு எழுதிய வசனம், தொடர்பு கிடைத்துவிட்டது தலைவரே என்கிற அளவில்தான். விண்கப்பலில் ஒரு டெலிபோன் ஆபரேட்டர்! எழுதியிருந்த வரிகளும் கடைசி நேரத்தில் வெட்டப்பட்டன. மற்றவர்களுக்கு ஒப்பந்தம், அவருக்கு நாள் கணக்கு. நம் மில் பாஷையில் சொன்னால், பதிலி. ரசிகர்கள் மூட்டை மூட்டையாக எழுதிய கடிதங்களைக்கூட அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தார்கள். இவையெல்லாம் 1994-ல் வந்த சுயசரிதையில் அவரே எழுதியவை. இன்னொன்று: கப்பல் தலைவனுக்கு முழுப் பெயர் உண்டு. உஹுராவின் சொந்தப் பெயர் என்னவென்று 2009-ல் வந்த சினிமா வரையில் திரையில் யாருமே சொல்லவில்லை. 43 வருஷம்! ஆசியாக்காரனாக வந்த சூலுவுக்கும் 1991 வரை இதே கதி.

முதல் வருஷம் முடிந்ததும் நிக்கோல்ஸ் ராஜினாமாச் செய்யத் தீர்மானித்தார். மேடை நாடகத்துக்குத் திரும்பப் போகிறேன் என்று ராடன்பெரியிடம் சொல்லியும் விட்டார். அந்த வாரக் கடைசியில் கறுப்பின மக்களின் சங்க நிகழ்ச்சி ஒன்றில், உங்கள் ரசிகர் ஒருவர் பார்க்க விரும்புகிறார் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் லூதர் கிங்! விலகப் போகும் சேதியைச் சொன்னதும் கிங் சிரிப்பை நிறுத்திவிட்டார். கூடாது என்றார். அந்த நாற்காலி கறுப்பருக்கென்று ஒதுக்கியதல்ல. நீங்கள் எழுந்தால் அதில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைப்பார்கள், கதவு சாத்தப்படும் என்றார். தம் பிள்ளைகளைக் கண்விழித்துப் பார்க்க விடுகிற ஒரே தொடர் இது என்றும் சொன்னாராம். திங்கட்கிழமை ராஜினாமா வாபஸ்.

இந்தக் கிங் யார் என்பதையும் நினைவில் வையுங்கள். 1968 பிப்ரவரி 1-ந் தேதி மெம்பிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அழுத்து இயந்திரத்தில் நசுங்கி மாண்டார்கள். சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று அட்டை எழுதி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4-ந் தேதி கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். டெலிவிஷனில் ஒரு நாற்காலியைப் பற்றிக் கவலைப்பட்ட அதே மனிதர்தான் குப்பை அள்ளுகிறவரின் கூலிக்காக உயிரைக் கொடுத்தார். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று அவர் நினைக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 22-ந் தேதி வந்த கதையில் கப்பல் தலைவனும் உஹுராவும் முத்தமிடுகிற காட்சி. கலப்பு மணத்தைத் தடுத்த மாகாணச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. தெற்கு மாகாண நிலையங்கள் என்ன சொல்லுமோ என்று அதிகாரிகள் நடுங்கினார்கள். முத்தம் இல்லாமலும் ஒரு முறை எடுத்துவைக்கச் சொன்னார்கள். கதாநாயகன் வில்லியம் ஷாட்னர் அப்படி எடுத்ததில் கண்ணை மாறுகண்ணாக்கி அதைப் பாழாக்கினார் என்று நிக்கோல்ஸ் சொல்லிச் சிரிப்பார். நல்ல குறும்பு! ஆனாலும் கதையைக் கவனியுங்கள். அவர்கள் மனமொத்து முத்தமிடவில்லை. மாயசக்தி படைத்த வேற்றுக்கிரகத்தார் பொம்மைகளைப் போல் அவர்களை ஆட்டி வைக்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு அப்பாலும் ஒரு கறுப்புப் பெண்ணும் வெள்ளை ஆணும் சொந்த விருப்பத்தோடு நெருங்கலாம் என்று காட்ட இவர்களுக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் காட்சியை வானளாவப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நமக்குப் பிடித்த சமாச்சாரம் ஒன்று உண்டு. நிக்கோல்ஸுக்கு மட்டும் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும் சக நடிகர் வால்ட்டர் கோனிக் அதை லெனார்ட் நிமாயிடம் சொன்னார். நிமாய் நிர்வாகத்திடம் போய்ச் சரிசெய்ய வைத்தார். கோனிக் சொன்ன தகவல் இது. 1973-ல் அதே கதையைக் கார்ட்டூனாக எடுத்தபோது செலவு மிச்சம் என்று நிக்கோல்ஸையும் சூலுவாக நடித்த ஜார்ஜ் டாகேயையும் கழற்றிவிடப் பார்த்தார்கள். அவர்கள் இல்லாமல் நானும் இல்லை என்றார் நிமாய். கம்பெனி இறங்கி வந்தது. இதற்கு நம்மிடம் என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கற்பனை ஒரு பக்கம் இருக்க, நிஜத்தில் யார் விண்ணுக்குப் போனார்கள்? உஹுரா திரைக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்பே, 1963 ஜூன் 16-ந் தேதி, சோவியத் பெண் வாலெண்டினா தெரஷ்கோவா விண்ணில் ஏறி பூமியை 48 முறை சுற்றினார். அவர் யார்? யாரோஸ்லாவில் பஞ்சாலைத் தொழிலாளி! இங்கே இருக்கிற ரீலிங் சகோதரிகள் நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும்: அடுத்த பெண்ணை அனுப்ப சோவியத்துக்கும் 1982 வரை, 19 வருஷம் பிடித்தது. ஆப்பிரிக்க வம்சத்திலிருந்து விண்ணுக்குப் போன முதல் மனிதர் கியூபாவின் அர்னால்டோ தமாயோ மெண்டெஸ்; 1980-ல் சோவியத் கலத்தில் போனார்.

அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசாவைப் பார்த்து, என் இனத்தார் எங்கே என்று நிக்கோல்ஸ் கேட்டார். 1977-ல் அவர்களே அவரை ஆள் திரட்ட அழைத்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் கறுப்பினத்தாரையும் விண்ணப்பிக்கச் சொன்னார். 8,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 1978-ல் தேர்ந்தெடுத்த 35 பேரில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பின ஆண்கள். கறுப்பினப் பெண்? ஒருவர்கூட இல்லை. பெண் என்ற கணக்கில் வெள்ளைப் பெண். கறுப்பர் என்ற கணக்கில் ஆண். இரண்டு நுகத்தையும் சுமக்கிறவள் எந்தக் கணக்கிலும் விழவில்லை.

1992 செப்டம்பர் 12-ந் தேதிதான் மே ஜெமிசன் என்ற கறுப்பின டாக்டர் விண்ணில் ஏறினார். சிறுமியாக உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். விண்கலத்தில் வேலை தொடங்கும்போதெல்லாம் உஹுராவின் அந்தப் பழைய வசனத்தைத்தான் சொன்னாராம்.

2017-ல் வந்த 'டிஸ்கவரி' என்ற தொடரில்தான், அந்த வரிசையில் முதன்முறையாகக் கறுப்பினப் பெண் கதாநாயகியானாள். நடித்தவர் சொனெக்வா மார்ட்டின்-கிரீன். 51 வருஷம் கழித்து! அவளுக்கும் எடுத்த எடுப்பில் கொடுத்தது கலகக் குற்றமும் ஆயுள் தண்டனையும். கப்பல் தலைவி நாற்காலி மூன்றாம் பருவத்தின் கடைசியில்தான் கிடைத்தது. நிக்கோல்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 2022 ஜூலை 30-ந் தேதி 89-ம் வயதில் காலமானார்.

நூற்பு இலாகாத் தோழர் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார். பக்கத்தில் ரீலிங் சகோதரி ஒருவர் வெகு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். முதலில் அவர் பேசட்டும்.