ஓய்வு பெற்ற பள்ளி ஊழியரும் இன்ஷியூரன்ஸும்

(நம் சங்கத்தின் ஓய்வு பெற்ற பள்ளி ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பள்ளி ஊழியர் என்றவுடன் உபாத்தியாயரை மட்டும் நினைப்பது உலக வழக்கம். இங்கே கூடியிருப்போரோ அவ்வாறல்லர். தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர் முன் வரிசையில் அமர்ந்திருக்க, அவருக்கு நாற்பதாண்டு மணியடித்த காவலர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார்; எழுத்தரும், ஆய்வக உதவியாளரும், சத்துணவுக் கூடத்தில் சமைத்துப் போட்ட தாய்மாரும் வந்திருக்கின்றனர். நோயும் முதுமையும் இவர்களுக்குள் பதவி பார்ப்பதில்லையாதலின், எல்லோருக்கும் பொதுவாகவே பேசத் துணிந்தோம்.

முதற்கண் சங்க வர்த்தமானம். இரண்டாம் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் நடந்துவரும் காகித உதவி மேஜைக்கு நம்மவர் வரவு பெருகியிருக்கின்றது. பென்ஷன் புத்தகத்தையும், ஆஸ்பத்திரிப் பில்லையும், இங்கிலீஷில் அச்சடித்த பாலிசிப் பத்திரத்தையும் மஞ்சள் பையிலிட்டுக் கொண்டு வருகின்றனர். வருவோரின் துன்பங்களைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றே வகையில் அடங்கும்: நியமனதாரர் பெயர் சரியில்லாமை, ஆஸ்பத்திரியில் கேட்ட பணம், வங்கியில் விற்ற பாலிசி. இந்த மூன்றும் நேராதபடி தடுக்கக் கூடியவை. நேர்ந்த பிறகு திருத்துவதோ மலையைக் கெல்லும் வேலை. ஆகவே கமிட்டியார், வரும் வருஷத்தில் இம்மேஜையை மாதம் இருமுறையாக்கவும், நடக்கவியலாத அங்கத்தினர் வீட்டுக்கு இளைஞர் ஒருவரை அனுப்பவும் தீர்மானித்திருக்கின்றனர். அதற்கான செலவு மகமை நிதியிலிருந்து கொடுபடும்.

இனி, எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருவோம். நம் முன்னோர்க்கு இன்ஷியூரன்ஸ் என்றால் ஆயுள் இன்ஷியூரன்ஸே. 1906ஆம் ஆண்டில் சுதேசி இயக்கத்தின் வேகத்திலே சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் கம்பெனி தோன்றியது. 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, 245 ஸ்தாபனங்கள் ஒன்றாய் இணைந்து எல்.ஐ.சி. ஆயின. மவுண்ட் ரோட்டில் 1959இல் திறந்த பதினான்கு மாடிக் கட்டடத்தைக் காட்டி, "இதுதான் பட்டணத்திலேயே உயர்ந்தது" என்று உல்லாசப் பயணம் வந்த பிள்ளைகளுக்குச் சொன்ன உபாத்தியாயர் பலர் இங்கே இருப்பீர்கள். மாதச் சம்பளக்காரன் வழியில் இறந்துபோனால் குடும்பம் தெருவில் நிற்குமே என்ற அச்சத்துக்கு ஆயுள் பாலிசி தக்க மருந்தாயிருந்தது. ஓய்வு பெற்றவரின் நிலைமை வேறு. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டனர், தாம் இறப்பின் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் வரும். அவருக்குள்ள அபாயம் இறப்பதன்று, படுப்பதுதான். ஆகையால் அறுபதுக்கு மேல் புதிதாக ஆயுள் பாலிசி எடுக்கும்படி எவர் வந்து சொன்னாலும், அதில் யாருக்கு லாபம் என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு அரசு பென்ஷன்தாரருக்கு வைத்தியக் காப்பீடு ஒன்று உண்டு. அரசுப் பள்ளியார்க்கும் உதவி பெறும் பள்ளியார்க்கும் அது பொது. 2022ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 2026ஆம் ஆண்டு ஜூன் 30 முடிய வகுத்த திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடித்தம் செய்யப்பட்டது. நாற்பத்தெட்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் 23,856 ரூபாய். இதற்கு ஈடாக நான்காண்டுக்கு 5 லக்ஷம் ரூபாய் வரையிலும், குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லக்ஷம் வரையிலும் சிகிச்சைச் செலவு உண்டு. இங்கேதான் நம்மவரிற் பலர் தடுமாறுகின்றனர். அந்த 5 லக்ஷம் வருஷத்துக்கு வருஷம் புதிதாய் ஊறும் கிணறன்று. நான்காண்டுக்கும் சேர்த்து ஒரே தொட்டி. அதிலும் கணவனும் மனைவியும் ஒரே தொட்டியில் மொள்ள வேண்டும். முதலாண்டில் கணவருக்கு இருதய சிகிச்சையில் 4 லக்ஷம் போயிற்றென்றால், மூன்றாமாண்டில் மனைவிக்கு முழங்கால் மாற்ற மீதி 1 லக்ஷமே. ஆகவே எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மீதியிருக்கின்றது என்பதை ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். கண்புரை அறுவைக்குத் தனி உச்சவரம்பு உண்டு என்பதையும், படுக்கையில் சேராமல் வாங்கும் அன்றாட மருந்துகளுக்கு இத்திட்டம் உதவாது என்பதையும் மறவாதீர்கள். திட்டத்தின் தவணை முடிந்து புதிய ஆணை வரும்பொழுதெல்லாம் பிடித்தத் தொகையும், கம்பெனியும், ஆஸ்பத்திரிப் பட்டியலும் மாறக் கூடியவை. பழைய பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்து அதை நம்பிப் புறப்படலாகாது.

சென்ற வருஷம் நம் மேஜைக்கு ஓர் அம்மையார் வந்தார். அவர் கணவர் உயர்நிலைப் பள்ளியில் காவலராயிருந்து ஓய்வு பெற்றவர். நள்ளிரவில் மார்வலி கண்டு, அண்டையிலிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தனர். அது பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி. பில் வந்தது, கழுத்திலிருந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. பின்னர் அச்செலவைத் திரும்பக் கேட்டு எழுதியபொழுது, பட்டியலில் இல்லாத இடமாதலின் கொடுப்பதற்கில்லை என்ற ஒரு வரிப் பதில் வந்தது. அம்மையார் அந்த ஒரு வரியை வேத வாக்காக நம்பி எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்! அன்பர்களே, இந்த விஷயத்தில் நியாயஸ்தலங்களின் கருத்து வேறு. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிவகாந்த் ஜா என்னும் மத்திய சர்க்கார் பென்ஷன்தாரர் வழக்கில், ஆஸ்பத்திரியின் பெயர் சர்க்கார் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் பணத்தை மறுக்கலாகாது என்றும், சிகிச்சை உண்மையில் நடந்ததா என்பதே பார்க்கத்தக்கது என்றும் தீர்ப்பளித்திருக்கின்றது. நம் மாகாணத்துத் திட்டத்திலும் இத்தகைய குறைகளை விசாரிக்க மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட குழு உண்டு. அம்மையாரின் விண்ணப்பம் டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், அவசர சிகிச்சை என்று வைத்தியர் எழுதிய சான்று ஆகியவற்றுடன் அக்குழுவுக்குச் சென்றிருக்கின்றது. முடிவு வந்ததும் இப்பத்திரிகையில் தெரிவிப்போம்.

இதற்கு மேல் சொந்தமாகவும் ஒரு வைத்திய பாலிசி எடுக்கலாமா என்று கேட்பவர் உளர். சக்தியுள்ளவர் எடுக்கலாம். ஆனால் முதல் ரூபாயிலிருந்து தரும் பாலிசி முதியோர்க்கு மிக்க விலையுடையது. கையில் முன்னமே ஒரு காப்பீடு இருப்பவர்க்கு, குறித்த ஒரு தொகைக்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்கும் "சூப்பர் டாப்-அப்" வகை குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும். எம் அபிப்பிராயத்தில் அதுவே பொருத்தம். அறுபத்தைந்து கடந்தவர்க்கு இனி வாசல் அடைப்பு என்று சிலர் சொல்லக் கேட்கின்றோம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தார் அந்த வயது வரம்பை எடுத்துவிட்டனர். பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குக் காத்திருக்க வேண்டிய காலம் 48 மாதத்திலிருந்து அதிகமாய் 36 மாதமாகக் குறைந்தது. அறுபது மாதம் விடாது பிரீமியம் கட்டியவரின் கோரிக்கையை, நிரூபித்த மோசடி தவிர, நோயை மறைத்தீர் என்று சொல்லித் தள்ளவும் இயலாது. இதைக் கேட்டு, ஐந்து வருஷம் மறைத்து வைப்போம் என்று எண்ணுவது பேதைமை. ஐந்து வருஷம் நோய் காத்திருக்குமோ? சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர் அதை விண்ணப்பத்திலேயே எழுதுக. ஏஜெண்டு "வேண்டாம்" என்பாராயின் அவரே வேண்டாம்.

அறை வாடகை விஷயத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இதிற் படித்தவரும் ஏமாறுகின்றனர். 3 லக்ஷம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது 3,000 ரூபாய், என்று வரம்பு போட்டிருப்பதாகக் கொள்வோம். மகன், "அப்பாவுக்கு நல்ல அறை கொடுங்கள்" என்று 6,000 ரூபாய் அறை எடுக்கின்றான். அதிகமான 3,000த்தைத்தானே நாம் கொடுப்போம் என்பது அவன் எண்ணம். நிகழ்வதோ வேறு. அறை உயர உயர, வைத்தியர் கட்டணமும் அறுவைக் கட்டணமும் உயர்கின்றனவாதலின், கம்பெனியார் அவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துப் பாதியே தருவர். மருந்தும் உள்வைக்கும் கருவிகளும் இக்குறைப்புக்கு உட்படா. அப்படியும் 2 லக்ஷம் பில்லில் கணிசமான ஒரு பகுதி நம் தலையில் விழும். அறையில் காட்டிய அன்பு பில்லில் வந்து நிற்கும் விதம் இது. ஆகையால் அட்டையின் பின்புறத்தில் "அறை வாடகை இவ்வளவு" என்று பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை முதியோர் பாலிசிகளில் மிகுதியும் உண்டு, அதனையும் கேட்டறிக.

அனுகூலமான செய்தியும் சில. ரொக்கமின்றிச் சிகிச்சை கேட்ட விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்திலும், வீடு திரும்பும்பொழுது 3 மணி நேரத்திலும் கம்பெனியார் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024ஆம் வருஷத்து விதி. முதியோர் பிரீமியத்தை வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்த்த விரும்பினால் ஆணையத்தாரை முன்னதாகக் கலக்க வேண்டுமென 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. அவ்வருஷம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரியும் நீங்கிற்று.

வங்கியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பணிக்கொடையும் கம்யூட்டேஷன் தொகையும் கணக்கில் ஏறிய மறுவாரமே உபசாரத்துடன் அழைத்து, காப்பி கொடுத்து, "டெபாசிட்டைவிட நல்லது" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் பரவியிருக்கின்றது. ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர் ஒருமுறை கட்டும் வைப்பு என்று நம்பிக் கொடுத்த பணம், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பாலிசியாய் முடிந்தது. அவர் பாலிசிப் பத்திரம் வந்த பதினெட்டாம் நாள் நம்மிடம் காட்டினமையாற் பிழைத்தார். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பலாம். சிறு கழிவு நீங்கப் பணம் வரும். அவருக்கும் வந்தது. "டெபாசிட்டா, பாலிசியா? எத்தனை வருஷம் கட்ட வேண்டும்?" என்ற இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள். ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது என்று டெலிபோனில் சொல்பவன் திருடன். ஆணையத்தார் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் அளிப்பதுமில்லை.

நியமனதாரர் விஷயம். பென்ஷன்தாரர் குடும்பப் பாதுகாப்பு நிதியில் அவர் காலமானபின் 50,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் படிவத்தில் எழுதிய பெயர் முன்னரே இறந்தவருடையதாயின், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் குடும்பம் காத்து நிற்க வேண்டும். மனைவி முன்பே இறந்தவர் இங்கே எத்தனை பேர் புதுப் படிவம் கொடுத்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லி வருத்த விரும்பவில்லை. வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய எல்.ஐ.சி. பாலிசிகளையும் எடுத்துப் பாருங்கள். 2015ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரை நியமித்தால் பணம் அவர்களுக்கே உரியதாகும். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் பாலிசிப் பணம் சர்க்காரின் முதியோர் நல நிதிக்குச் சென்றுவிடுகின்றது. அங்கே சென்ற பின்னும் 25 வருஷம் வரை உரியவர் கேட்டுப் பெறலாம். நம் முதியோர் பணம் முதியோர் நிதிக்கே போவது ஒருவகையில் பொருத்தம்தான். எனினும் அவரவர் முதுமைக்கே உதவினால் நன்றன்றோ?

சொந்தப் பாலிசியில் கம்பெனியார் மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதிலில்லையேல், அல்லது பதில் திருப்தியில்லையேல், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டுவதில்லை. 50 லக்ஷம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம்.

பென்ஷன் திட்டத்துள் முழுதும் வராத சத்துணவுத் தாய்மாரைக் குறித்தே எமக்குக் கவலை அதிகம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்கு மேற்படாதவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அதில் பிரீமியமே இல்லை. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லக்ஷம் வரை உண்டு. இதற்கு வருமானச் சான்றும், குடும்ப அட்டையும், ஆதாரும் வேண்டும். இந்தச் சான்றுகள் இல்லாத நம் சமூகத்துத் தாய்மாரின் பெயர்களை அந்தந்தத் தெரு அங்கத்தினர் குறித்து அனுப்பும்படி காரியதரிசியார் கேட்டுக்கொள்கின்றார்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்குக் கீழ்க்கூடம் திறந்திருக்கும். பென்ஷன் புத்தகம், காப்பீட்டு அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வீட்டிலுள்ள எல்லாப் பாலிசிகள் ஆகியவற்றுடன், படிவங்களில் இருவரும் கையெழுத்திட வேண்டியிருத்தலின் தம்பதிகளாய் வருக. கண்ணாடியை மறவாது கொணர்க. சென்ற முறை நால்வர் அதற்காகவே திரும்பிப் போயினர்.