தண்ணீரூற்றுக்காரர்



கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, "தாத்தா பெயருக்கு முன்னால் திருநீர்மலை என்று போடப்பா" என்று அச்சகத்திலேயே நின்று சொல்வார்கள் நம் பெரியவர்கள். நமக்கு ஊர் முன்னால் வரும். ஸ்காட்லாந்தில் பலர் ஊரைப் பின்னால் வைத்தார்கள்; அது பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடர்ந்து குடும்பப் பெயராகிவிட்டது. கால்டுவெல் அப்படி வந்த பெயர்.

மெரினாவில் சிலையாக நிற்கும் நம் ராபர்ட் கால்டுவெல்லைத்தான் சொல்கிறேன். 1814-இல் அயர்லாந்தில் பிறந்தவர், தாய்தந்தையர் ஸ்காட்லாந்துக்காரர்கள், படித்தது கிளாஸ்கோவில். அந்த நகரத்துக்குத் தென்மேற்கே, ரென்ஃபுரூஷயரும் அயர்ஷயரும் சேரும் இடத்தில் கால்டுவெல் என்று ஒரு நிலம் இருக்கிறது. பழைய கோபுரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. 'கால்டு' என்றால் குளிர்ந்தது, 'வெல்' என்றால் ஊற்று. குளிர்ந்த ஊற்று!

நம் மொழியில் சொல்லிப் பாருங்கள். தண்மை உள்ள நீர் தண்ணீர். (சுடுதண்ணி என்று பேசிப் பேசி அந்தக் குளிர்ச்சியை நாம் மறந்துவிட்டோம்.) தண்ணீர் சுரக்கும் ஊற்று தண்ணீரூற்று. ஈழத்தில் முல்லைத்தீவுப் பக்கம் அதே பெயரில் ஓர் ஊரே இருக்கிறது. ஆக, அவர் தண்ணீரூற்றுக்காரர்.

அந்தத் தண்ணீரூற்றுக்காரர் 1838 ஜனவரி 8-ஆம் தேதி சென்னையில் இறங்கினார். 1841-இல் நெல்லைச் சீமையின் தேரி மணலில், இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து எழுதியதுதான் 1856-இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். வேர்ச்சொல் தேடி வாழ்ந்தவர் 1891-இல் கொடைக்கானலில் காலமானார். இடையன்குடியில் அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கமானார்.

இப்போது நம் திருநீர்மலைக்கு வாருங்கள். திருமங்கையாழ்வார் வந்தபோது சுற்றிலும் வெள்ளம். வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. அடிவாரத்தில் பெருமாளுக்கே நீர்வண்ணன் என்று பெயர். இந்த 'நீர்' யாருடைய சொல்? வடமொழியிலும் 'நீர' இருக்கிறதே என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

கால்டுவெல் தெலுங்கையும் கன்னடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வடமொழி நம்மிடம் பெற்றிருக்கக்கூடிய சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். மீன் அதில் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரின் நடுவில் நிற்கும் நீரும் இருக்கிறது.