தோலை வளர்க்கும் புரதம்

அடுப்படியில் விரலைச் சுட்டுக்கொண்டவர் பத்து நாளில் அதனை மறந்துவிடுகிறார். தீயினால் உடலின் பெரும்பகுதித் தோலை இழந்தவரின் நிலை வேறு. எஞ்சிய நல்ல தோலை மெல்லியதாகச் சீவியெடுத்து, வெந்த இடத்தில் ஒட்டுதல் வேண்டும். சீவிய இடம் ஆறிய பின்னரே அங்கிருந்து மீண்டும் தோல் எடுக்கலாம். அவ்விடம் ஒரு நாள் முந்தி ஆறினாலும் அவருக்கு அது பேருதவி.

இவ்வுதவியைச் செய்யவல்ல பொருள், தோலைப்பற்றி எண்ணியிராத ஒருவரின் கையிலேதான் அகப்பட்டது. அமெரிக்க உயிரிரசாயன அறிஞர் ஸ்ரான்லி கோஹென், ரீற்றா லெவி மொந்தால்சினி அம்மையாருடன் நரம்பு வளர்ச்சியை ஆராய்ந்தவர். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை அவர் அன்று பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றினார். இரண்டு வாரமளவில் திறக்கவேண்டிய கண்கள் ஏழாம் நாளிலேயே திறந்துகொண்டன! பற்களும் முந்தி முளைத்தன. நரம்புப் புரதத்தின் செயலன்று இது எனக் கண்ட கோஹென், சாற்றில் மறைந்திருந்த வேறொரு புரதத்தைப் பிரித்தெடுத்து 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். 1986ஆம் ஆண்டில் நோபெல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

கலத்தின் மேற்புறத்திலுள்ள வாங்கியில், பூட்டில் திறப்புப் போல, இப்புரதம் பொருந்துகிறது. உடனே கலம் பிரியவும் புண்ணின் மேலாக நகரவும் தொடங்குகிறது. 1989ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 12 நோயாளரின் தோல் சீவிய இடங்களிலே இது பூசப்பெற்றது. பூசாத இடத்திலும் அவை ஏறத்தாழ ஒன்றரை நாள் முந்தி முற்றாக ஆறின.

நீரிழிவுக்காரரின் காற்புண்ணோ இவ்வளவு எளிதில் வசப்படுவதன்று. புரதத்தை அறுக்கும் நொதிகள் அங்கு மிகுந்திருத்தலால், மேலே பூசிய மருந்து வேலை தொடங்குமுன்னரே சிதைகிறது. கியூபா விஞ்ஞானிகள் இதனை உணர்ந்து, புண்ணின் அடியிலும் ஓரத்திலும் ஊசியால் மருந்தை ஏற்றும் முறையை வகுத்தனர். 2006ஆம் ஆண்டில் அந்நாட்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. காலைத் துண்டிப்பதைத் தவிர்ப்பதே அவர்களது நோக்கம். ஆயினும் புற்றுநோயுள்ள இடத்தில் இவ்வகை மருந்துகள் கூடா. கலங்களை வளரத் தூண்டும் பொருள், நல்ல கலம் தீய கலம் என்று பார்ப்பதில்லை. அழுகிய தசையை அகற்றாமலும், புண்பட்ட பாதத்தை நிலத்தில் ஊன்றி நடப்பதை நிறுத்தாமலும் ஊசியை மட்டும் நம்பியிருப்பவரின் புண் ஆறுவது அரிது.