வன்னி வயலுக்கு வேண்டிய ஆய்வுகூடம்



வன்னிக்கென ஒதுக்கப்படும் பொதுப்பணத்தில் ஒரு பங்கை உயிர் விஞ்ஞானத்திற் செலவிடல் வேண்டுமோ என்பது எம்முன் உள்ள வினா. வீதியும் வாய்க்காலும் பழுதுபட்டுக் கிடக்கையில் கண்ணாடிக் குழாய்களுக்குப் பணமா எனக் கேட்பார் உளர். கேட்பது நியாயமே. ஆயினும் 2021ஆம் ஆண்டை அவர்கள் மறந்துவிடலாகாது.

அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அரசு பின்வாங்கியபோது காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டது. இடையில், சீனத்திலிருந்து தருவிக்கவிருந்த சேதனப் பசளையின் மாதிரியில் பயிருக்குக் கேடு செய்யும் பற்றீரியா உண்டென நாட்டின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை அறிவித்தது. விற்கவந்தோர் மறுத்தனர், அவ்வழக்கு ஒருபுறம் நிற்க. அதனைச் சோதித்துச் சொல்ல ஓர் ஆய்வுகூடம் இருந்தது. இரணைமடுவின் கீழ் வயல் செய்தவன் கையில் என்ன இருந்தது?

உழுந்து, பயறு, கச்சான் ஆகியவற்றின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். சிறு முடிச்சுகள் தென்படும். அங்கு வாழும் றைசோபியம் என்னும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டுகின்றது. அதனை ஆய்வுகூடத்தில் வளர்த்து விதையோடு பிசைந்து விதைக்கலாம். ஏக்கருக்குச் சிறு பொதியே போதும். ஆனால் அஃது உயிருள்ள பொருள். வெயிலில் லொறியிற் கிடந்தாற் செத்துப்போம். யூரியாவைப் போலக் கப்பலேற்றிக் களஞ்சியத்திற் பல மாதம் அடுக்கிவைத்தல் இயலாது. ஆதலின் விதைக்கும் நிலத்துக்கு அண்மையிலேயே அதனை ஆக்குதல் நன்று. அத்தொழிலும் ஊதியமும் இங்கேயே தங்கும் அன்றோ?

விதைநெல்லின் கதையும் இத்தகையதே. 1950களின் பிற்பகுதியில் இலங்கையின் நெல் விளைவைப் பெருக்கிய எச்4 இனத்தின் பெற்றோரில் ஒன்று இந்தோனேசிய நெல். மற்றையது முருங்கைக்காயன் என்னும் எம் நாட்டு நெல். பச்சைப்பெருமாளிலும் மொட்டைக்கறுப்பனிலும் உவரைத் தாங்கும் குணம் உண்டோ, நோயைத் தாங்கும் குணம் உண்டோ என எம் நிலத்திலேயே வைத்து ஆராய்வதற்கு என்ன தடை?

சென்னைத் தரமணியில் எழுந்த டைசெல் உயிரியற் பூங்காவைப் போன்ற மாளிகையை யாம் கேட்கவில்லை. மருந்துக் கம்பனிகள் நிறைந்த பெருநகருக்கே அது பொருந்தும். எமக்கு அடித்தளம் ஏற்கெனவே உண்டு. 1990இல் கிளிநொச்சியிற் தோன்றிப் போரால் யாழ்ப்பாணம் பெயர்ந்த விவசாய பீடம் அறிவியல்நகருக்கு மீண்டுவிட்டது. 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் உயிர் விஞ்ஞானத் துறை உண்டு. பட்டதாரிகளும் வெளிவருகின்றனர், வந்து, கொழும்புக்கும் கடல்கடந்தும் போகின்றனர்.

பணத்தை ஒதுக்குவோர் யார் என்பதே சிக்கல். பதின்மூன்றாவது திருத்தம் கமத்தொழிலின் பெரும்பகுதியை மாகாண சபைக்கு அளித்தது. வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. எம் வயலின் தேவையை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுவதற்கு எம்மால் தெரிவானவர் எவரும் அமராத காலம் அது. ஆகவே சபையைக் கேட்கும் அதே குரலில் ஆய்வுகூடத்தையும் கேட்போம். முதற்படியாக, அறிவியல்நகரில் மண்ணையும் பசளையையும் சோதித்து, றைசோபியம் ஆக்கித் தரும் ஒரு சிறு பிரிவு வேண்டும். அதன் நிருவாகத்தில் கமக்காரர் அமைப்புகளுக்கு ஆசனமும் வாக்கும் வேண்டும்.